புதுப்பிப்பு: 50,000 சொல் நாவல் என்ன ஆச்சு?

நவம்பருக்குள் 50,000 சொல்லில் நாவல் வரைவு முடிப்பேன், ஒரு நாளைக்கு 1,667 சொல் என்று மாதத் தொடக்கத்தில் வீராப்பாகச் சொன்னேன் இல்லையா? 38,412-இல் நிற்கிறது.

ஒரே மாதத்தில் நாவல் எழுதும் இந்த விளையாட்டின் பெயர் நானோரைமோ (NaNoWriMo); 1999-இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் 21 பேர் தொடங்கியது. நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்பட்டாலும் கணக்கு தங்கிவிட்டது. ஆனால் அது ஆங்கிலக் கணக்கு. 'வந்துகொண்டிருந்தவர்களுக்காக' என்பது நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு ஐந்தாறு. இரண்டாம் வாரம் எண்ணிக்கைக்காக 'வந்து கொண்டு இருந்தான்' என்று பிரித்துப் பிரித்து அடித்தேன். வெட்கம்தான்.

ஆறாம் அத்தியாயத்தில் அத்தையைக் கொன்றேன். பதினொன்றில் அவள் ரசம் தாளிக்கிறாள்! திரும்பிப் போய்த் திருத்தினால் அன்றைய கணக்கு போச்சு. "அத்தை செத்தாச்சு, பார்" என்று சிவப்பில் குறித்துவிட்டு ஓடினேன்.

வாய்ஸ் டைப்பிங் உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். உரையாடலுக்கு உதவியது. வர்ணனையில் மழையெல்லாம் மலையாகிவிட்டது (என் ழகரம் அப்படி).

மிச்சம் டிசம்பரில். அத்தை பிழைத்துக்கொள்வாள், ரசக் காட்சி நன்றாக வந்திருக்கிறது.