பொங்கலுக்குள் எம்.எல்.ஏ.வால் என்ன முடியும்? கரும்பு, வாடிவாசல், தொகுதி நிதி

வரப்போரம்:
எங்கள் ஊர் இளைஞர் மன்றம் சார்பாக டிசம்பர் முதல் வாரம் எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறோம். கோரிக்கை மூன்று. ரேஷன் கடையில் தரும் பொங்கல் பரிசுத் தொகுப்புக்கான செங்கரும்பை எங்கள் பகுதி விவசாயிகளிடமே நேரடியாக வாங்க வேண்டும். ஜல்லிக்கட்டுக்கு அனுமதி வேண்டும். திடலுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியில் சுற்றுச்சுவரும் பார்வையாளர் மேடையும் வேண்டும். ஜனவரியில் சட்டமன்றம் கூடும்போது இவற்றைப் பேசச் சொல்லலாமா? மனுவை எப்படி எழுதுவது?

கோப்புக்கட்டு:
மூன்றையும் ஒரே மனுவில் எழுதாதீர்கள். மூன்றும் மூன்று துறை. ஒரே தாளாகப் போனால் முதல் கோரிக்கைக்குரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, மற்ற இரண்டும் அங்கேயே தங்கிவிடும்.

சுற்றுச்சுவர் இந்தப் பொங்கலுக்கு வராது. தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது என்றாலும் எம்.எல்.ஏ. பரிந்துரைக்கத்தான் முடியும், நிர்வாக அனுமதி தருவது கலெக்டர். பரிந்துரைக் கடிதம், பொறியாளர் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு என்று வரிசையாகப் போக வேண்டும். 2 கோடிக்கு உட்பட்ட வேலைக்கு டெண்டர் போட மட்டுமே குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் சிக்குவது நிலத்தில்தான். திடல் அரசு நிலமா, ஊராட்சி நிலமா, கோயில் நிலமா என்று சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நிலம் யார் பெயரில், எந்த அளவில் என்று காட்டும் வருவாய்த்துறை ஆவணங்கள்) எடுத்துப் பாருங்கள். கோயில் பெயரிலோ தனியார் பெயரிலோ இருந்தால் மதிப்பீட்டு நிலையிலேயே திரும்பிவிடும். நிலம் சரியாக இருந்தால் கிராமசபைத் தீர்மான நகலையும் இணைத்து ஏப்ரலில் கொடுங்கள். புது நிதியாண்டு தொடங்கும்போது கொடுத்தால் அடுத்த தைக்குள் சுவர் நிற்கும். விழாச் செலவு, பந்தல், பரிசுப் பொருள் எதற்கும் இந்த நிதி கிடையாது. அதைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

வாடிவாசல்_காளை:
ஜல்லிக்கட்டுக்கு எம்.எல்.ஏ. கடிதம் துணைதான், அனுமதி அல்ல. முதலில் ஜல்லிக்கட்டு நடத்தலாம் என்று அரசிதழில் வெளியான ஊர்ப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கலெக்டர் நினைத்தாலும் நடத்த முடியாது. எம்.எல்.ஏ. உண்மையிலேயே பயன்படும் இடம் அதுதான்: ஊரைப் பட்டியலில் சேர்க்கக் கால்நடை பராமரிப்புத் துறைக்கு அவர் எழுதித் தொடர்ந்து கேட்க வேண்டும். முன்பு நடந்ததற்கான பழைய அனுமதி உத்தரவு, காவல்துறை பந்தோபஸ்து கடிதம் இவற்றின் நகல்களை எடுத்துக் கொடுங்கள். வெறும் "பாரம்பரியமாக நடக்கிறது" என்ற வரி நிற்காது.

பட்டியலில் இருந்தால் 2017 ஜல்லிக்கட்டு விதிப்படி கலெக்டருக்கு விண்ணப்பம். மாடுபிடி களம் குறைந்தது 50 சதுர மீட்டர், 8 அடி உயர இரட்டைத் தடுப்பு, மேடைக்குப் பொதுப்பணித்துறையின் உறுதிச் சான்று, மாடுகளுக்குக் கால்நடை மருத்துவர் பரிசோதனை. பல துறை அதிகாரிகள் சேர்ந்து களத்தைப் பார்க்கும் கூட்டாய்வில் திரும்பத் திரும்பக் குறை சொல்லப்படுவது மேடையும், மாடு சேகரிக்கும் இடத்தில் நிழலும் தண்ணீரும் இல்லாததும்தான்.

மன்றக்குறிப்பு:
சட்டமன்றம் பற்றி. தை பிறக்கும் முன் நடப்பது ஆண்டின் முதல் கூட்டத்தொடர் என்றால் அது ஆளுநர் உரையோடு தொடங்கும் (அரசியலமைப்பு 176). பின்பு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது விவாதம், முதல்வர் பதில், அவ்வளவுதான். 2025-ல் ஜனவரி 6-இல் தொடங்கி 11-இல் முடிந்தது. 2017 ஜனவரி 23 போல் காலையில் ஆளுநர் உரை, மாலையில் ஜல்லிக்கட்டு மசோதா என்பது ஜல்லிக்கட்டுக்காக மெரினாவே போராட்டத்தில் திரண்டதால் நடந்தது. அதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

கரும்பைப் பேச வேண்டிய இடம் பட்ஜெட் தொடரில் வரும் கூட்டுறவு, உணவுத் துறை மானியக் கோரிக்கை (துறைக்கான நிதியை அவை விவாதித்து ஒப்புதல் தரும் கட்டம்). காரணம் எளிது. செங்கரும்பு கிட்டத்தட்ட பத்து மாதப் பயிர். நட்டவருக்கு அரசு வாங்குமா என்பது மார்கழி வரை தெரிவதில்லை. 2022 டிசம்பரில் முதல் அறிவிப்பில் கரும்பே இல்லை, விவசாயிகள் போராடிய பிறகுதான் முழுக் கரும்பு சேர்ந்தது. அதற்குள் பலர் பயந்துபோய் வியாபாரி கேட்ட விலைக்கு விற்றிருப்பார்கள். ஆகவே நடவுக் காலத்திலேயே கொள்முதலை அறிவிக்கச் சொல்லிக் கேட்க வையுங்கள்.

இரண்டாவது கேள்வி விலை. அந்த முறை ஒரு கரும்புக்கு உச்ச விலை 33 ரூபாய், உயரம் 6 அடிக்குக் குறையக் கூடாது. 33-இல் போக்குவரத்தும் அடக்கம் என்பதால் கடை தூரமாக இருந்தால் இழப்பு விவசாயி தலையில் விழுகிறது. வயல் விலையைத் தனியாக அறிவிக்க வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். அமைச்சர் அவையில் "செய்யப்படும்" என்று சொல்லிவிட்டால் அது அரசு உறுதிமொழிக் குழுவின் (அவையில் தந்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்கும் சட்டமன்றக் குழு) கணக்கில் ஏறும். தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரப்போரம்:
அப்படியானால் டிசம்பர் சந்திப்பில் எதைக் கேட்பது?

மன்றக்குறிப்பு:
சாகுபடி விவரம் கொடுங்கள்: விவசாயி பெயர், சர்வே எண், பரப்பு, உத்தேசக் கரும்பு எண்ணிக்கை, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு). அதைக் கூட்டுறவு இணைப்பதிவாளருக்கு எம்.எல்.ஏ. கடிதத்தோடு அனுப்பினால், கொள்முதலுக்கு இறங்கும்போது பட்டியல் அவர்கள் கையில் இருக்கும். இடைத்தரகர் பட்டியலை நாட வேண்டியிருக்காது.

கோப்புக்கட்டு:
பரிசுத் தொகுப்புக்கான டோக்கன் கிடைக்காத குடும்ப அட்டைகள் இருந்தால் அதற்கு எம்.எல்.ஏ. வரை போகத் தேவையில்லை. வட்ட வழங்கல் அலுவலரிடம் அட்டை எண்ணோடு எழுத்தில் கொடுங்கள், அல்லது 1967-க்கு அழையுங்கள். தொகுப்பு வழக்கமாக அரிசி அட்டைக்குத்தான் என்பதால் சர்க்கரை அட்டையா அரிசி அட்டையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், பாதிப் புகார் அங்கேதான் வருகிறது.