மனுவின் முடிவில் ‘தங்கள் உண்மையுள்ள’ போடுவதா, ‘பணிவன்புடன்’ போடுவதா?

கேட்டவர்: காவேரிப்பட்டணத்தான்

வணக்கம். காலை 8 மணி டவுன் பஸ் எங்கள் ஊர் கூட்ரோட்டில் நின்று போக வேண்டும் என்று, அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தருமபுரி மண்டலப் பொது மேலாளருக்கு மனு தயாராகிறது. 40 பேர் கையெழுத்துப் போடுவார்கள். பழைய மாதிரியைப் பார்த்து எழுதிய முடிவு இது: ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, இங்ஙனம், தங்கள் கீழ்ப்படிதலுள்ள பணிவன்புடன்.’ எங்கோ இடிக்கிறது. எதை எடுப்பது?

பதில்: பெயரெச்சம்

மூன்று கடிதத்தின் முடிவை ஒரே வரியில் திணித்திருக்கிறீர்கள். ‘இப்படிக்கு’, ‘இங்ஙனம்’ இரண்டும் ஒரே பொருள்தான், ஒன்றை அடித்துவிடுங்கள். ‘கீழ்ப்படிதலுள்ள’ என்பது மாணவர் தலைமையாசிரியருக்கு எழுதுவது. பஸ் கேட்கும் ஊர்மக்களுக்கு அது எதற்கு? ‘தங்கள் உண்மையுள்ள’ போதும்.

இடிக்கிற இடம் இலக்கணத்தில். ‘உள்ள’ என்று முடியும் சொல் தனியே நிற்காது, அடுத்து ஒரு பெயர் வந்தால்தான் நிறையும். அந்தப் பெயர்தான் கீழே கையொப்பமிடுபவர். அதனால் அங்கே முற்றுப்புள்ளி வேண்டாம், காற்புள்ளி போடுங்கள். ‘பணிவன்புடன்’ அப்படியல்ல, அது ‘எழுதுகிறேன்’ போன்ற வினையை நோக்கிப் போகும் சொல். இரண்டையும் ஒட்டினால், கீழ்ப்படிவது நீங்கள் அல்ல, உங்கள் பணிவன்பு என்றாகிவிடும்!

பதில்: மனு எழுதுபவர்

மேலே சொன்னது சரி. ஆனால் முடிவுச் சொல்லைவிட அதற்கு முந்தைய வரிதான் வேலை செய்யும். 40 பேர் கையெழுத்து, வினை மட்டும் ‘கொள்கிறேன்’ என்றால் எப்படி? ‘ஆவன செய்யுமாறு’ என்றால் படிப்பவருக்கு என்ன செய்வது என்று தெரியாது. இப்படி முடியுங்கள்:

‘காலை 8 மணிப் பேருந்து எங்கள் ஊர் கூட்ரோட்டில் நின்று செல்ல உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
ஊர்ப் பொதுமக்கள் சார்பாக’

பணிவு மேலேயே வந்துவிட்டது, கீழே மறுபடி வேண்டாம். ‘முன்கூட்டியே நன்றி’ என்பதும் வேண்டாம், காரியம் முடிந்துவிட்ட தொனி வரும். இடமும் நாளும் இடப்பக்கம், இந்த முடிவு வலப்பக்கம்.

கையெழுத்துகள் தனித்தாளில் போனால் அந்தத் தாளின் தலையிலும் ‘பொருள்’ வரியை எழுதுங்கள். பின் கழன்றுவிட்டால் எந்த மனுவுக்குப் போட்ட கையெழுத்து என்றே தெரியாது.

கேட்டவர்: காவேரிப்பட்டணத்தான்

நன்றி. பொது மேலாளர் ஆணா பெண்ணா தெரியவில்லை. ‘அன்புள்ள’ என்று தொடங்கலாமா?

பதில்: பெயரெச்சம்

வேண்டாம். ‘அன்புள்ள’ என்று தொடங்கினால் ‘அன்புடன்’ என்றுதான் முடிக்கத் தோன்றும். ‘ஐயா / அம்மையீர்’ என்று போடுங்கள். இன்னொன்று: மாதிரி பழையது என்கிறீர்கள், அனுப்புநர் முகவரியில் ‘தருமபுரி மாவட்டம்’ என்றே இருக்கிறதா பாருங்கள். 2004 பிப்ரவரியிலிருந்து உங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம். பெறுநர் முகவரியில் மட்டும் தருமபுரி இருக்கட்டும்.