செட்டிநாட்டு வீட்டில் தங்கிக் கைவேலை பழக வழி இருக்கிறதா?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். பழைய நகரத்தார் வீடு ஒன்றில் பத்து நாள் போல் தங்கி, தரையில் பதிக்கிற ஆத்தங்குடி வண்ணச் சிமெண்ட் கல் செய்யவும், கொட்டான் என்கிற பனையோலைக் கூடை பின்னவும் பழக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. விடுதியாக மாறிய வீடுகளில் கேட்டால் பட்டறைக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம் என்கிறார்கள். சரி, ஆனால் அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தால் கை பழகாது.

ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றில் பார்த்தேன், கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கினால் ஒரு கோடுகூடக் கலையவில்லை. அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் கலவை போட்டு, இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைக்கிறார்கள். சூளையே கிடையாது, அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுப்பது. அச்சைத் தூக்குகிற அந்தக் கைப்பக்குவம்தான் எனக்கு வேண்டும்.

புதியவர்களை உட்காரவைத்துச் சொல்லித்தரும் பட்டறை தெரியுமா? பனையோலையில் கொட்டான் பின்னும் அக்கா யாராவது வீட்டுக்கே வந்து கற்றுத்தருவார்களா? சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுவர் பூசத் தெரிந்த பெரிய கொத்தனார் யாரும் இன்னும் வேலை பார்த்தால் அதையும் சொல்லுங்கள். அவர்கள் வேலை கெடும் என்பதால் கூலியை முழுசாகக் கொடுத்துவிடுவேன், ஒரு நாளுக்கு எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்பதையும் சொன்னால் நல்லது.