சியனா நகரின் பாலியோ விருந்து: அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். வரும் ஆகஸ்ட் 16 அன்று இத்தாலியின் சியனா நகரில் நடைபெறும் பாலியோ குதிரைப் பந்தயத்தைக் காணச் செல்கிறேன். 1729-இல் எல்லை வகுக்கப்பட்ட அந்நகரின் 17 பேட்டைகளுள் 10 மட்டுமே ஒரு பந்தயத்தில் ஓடும். இம்முறை ஓடவிருக்கும் நிக்கியோ என்னும் சிப்பிப் பேட்டைக் குடும்பம் ஒன்று, முந்தைய இரவு தெருவிலேயே நடக்கும் விருந்துக்கு என்னை அழைத்திருக்கிறது. ஆனால் எனக்கு அறை கிடைத்திருப்பதோ அவர்களுடைய பரம்பரை எதிரியான, ஆட்டுக்கடாவைச் சின்னமாகக் கொண்ட வால்டிமொன்தோனேயில்! தன் குதிரை வெல்லாவிட்டாலும் எதிரியின் குதிரை தோற்க வேண்டும் என்பதற்காகவே பிற பேட்டைகளோடு இரகசிய ஒப்பந்தம் செய்து பணம் கொடுப்பவர்கள் என்பதால், இதை வெறும் விளையாட்டுப் பகை என்று கொள்ள எனக்குத் துணிவில்லை.

விருந்தளிப்போர் தரும் பேட்டைக் கழுத்துத்துணியை அணிந்தபடியே இரவில் என் அறைக்குத் திரும்பலாமா, அல்லது எல்லையில் கழற்றிவிடுவதுதான் மரியாதையா? பந்தயம் நடக்கும் காம்போ சதுக்கத்தின் நடுவே கட்டணமின்றி நின்று பார்ப்பதற்கு எத்தனை மணிக்குள் சென்றுவிட வேண்டும்? அங்கே வசித்தவர்களோ பந்தயத்தை நேரில் கண்டவர்களோ தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.