பெரிய வீடு குழு: கொலுக் குளத்துக்குக் கூழாங்கல்

சுமதி அத்தை (காலை 6:48)
நந்தினி கண்ணு, இந்த வருஷம் கொலுவில் குளம் கட்டப் போகிறேன். கரைக்குக் கூழாங்கல் வேண்டும். ஆற்றுக்கல் மாதிரி மங்கலாக வேண்டாம், போன மாதம் நீ படம் போட்டாயே, புளிப்பு மிட்டாய் மாதிரி மின்னியதே, அது. ரெண்டு கிலோ போதும். இன்னும் 18 நாள் இருக்கிறது, அவசரமில்லை, மெதுவாகச் செய்.

நந்தினி (7:15)
அத்தை, 18 நாளா! நீங்கள் பார்த்த கல் 34 நாள் சுற்றியது. அதுவும் 1200 கிராம் போட்டு 850 கிராம்தான் திரும்பி வந்தது, மிச்சமெல்லாம் சேறாகப் போய்விட்டது. ரெண்டு கிலோ வேண்டுமென்றால் மூன்று கிலோ போட வேண்டும், என் டிரம்மில் அவ்வளவு பிடிக்காது.

பழனிசாமி மாமா (7:17)
34 நாளா? கோழி முட்டையே 21 நாளில் பொரித்துவிடும்.

கார்த்தி (7:20)
கரண்டு போகிற நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மாமா.

ராணி பெரியம்மா (7:31)
அப்படி என்ன டிரம் அது, எனக்குப் புரியவில்லை. ஆற்றில் கிடைப்பதே உருண்டையாகத்தானே இருக்கிறது?

நந்தினி (7:44)
பெரியம்மா, ஆறு செய்வதைத்தான் நாங்களும் செய்கிறோம், கொஞ்சம் வேகமாக. ஆறு அங்குல பி.வி.சி பைப் ஒரு துண்டு, ரெண்டு பக்கமும் மூடி, உள்ளே சைக்கிள் ட்யூப் ரப்பரை வெட்டி ஒட்டியிருக்கிறது, இல்லாவிட்டால் சத்தத்தில் மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள். பழைய கார் வைப்பர் மோட்டாரை வைத்து கார்த்திதான் சுற்ற வைத்தான். டிரம்மில் முக்கால் பங்கு கல், கல்லின் தலை லேசாகத் தெரிகிற அளவு தண்ணீர், அப்புறம் சிலிக்கான் கார்பைடு பொடி (பழம் பழுக்க வைக்கும் கார்பைடு இல்லை, தேய்க்கிற பொடி) நான்கு மேசைக்கரண்டி. மூடி, படுக்கை வாக்கில் உருள விட்டால் கல்லோடு கல் உரசி முனை மழுங்கும். ஆற்றிலிருந்து வந்த கல்லுக்கு உருண்டை ஏற்கெனவே கிடைத்துவிட்டதால் முதல் சுற்றில் சில நாள் மிச்சம். ஆனால் பளபளப்பு ஆற்றால் வராது. கொடுமுடியில் தண்ணீருக்குள் கிடக்கும்போது என்னமாய் இருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுவந்து காய்ந்ததும் சாம்பல் பூத்துவிடும், கவனித்திருப்பீர்கள்.

ராணி பெரியம்மா (7:46)
ஆமாம், உங்கள் பெரியப்பா ஒரு டப்பா நிறைய அப்படித்தான் வைத்திருந்தார்.

பழனிசாமி மாமா (8:02)
மோட்டார், பைப்பு என்று எதற்கு இவ்வளவு பாடு? நம் வீட்டுப் பழைய கிரைண்டர் சும்மாதானே கிடக்கிறது. கல்லைப் போட்டு ஓட்டிவிட்டால் ஒரு மணி நேரத்தில் வழுவழு என்று ஆகிவிடாதா?

கார்த்தி (8:05)
ஆகாது மாமா. கிரைண்டர் பாத்திரம் நிமிர்ந்து நிற்கிறது, கல் அதோடு சேர்ந்து வட்டம் போகுமே தவிர உருளாது. படுத்த டிரம்மில்தான் கல் ஒரு பக்கமாக ஏறி மேலிருந்து சரியும், அந்தச் சரிவில்தான் தேய்மானமே நடக்கிறது. வேகத்தைக் கூட்டினாலும் பிரயோஜனமில்லை, கல் எகிறி விழுந்து ஓரம் உடையும்.

பழனிசாமி மாமா (8:06)
டில்டிங் கிரைண்டரைச் சாய்த்து வைத்தால்?

நந்தினி (8:08)
மாமா, அப்புறம் அதில் இட்லிக்கு ஆட்டுவீர்களா? அந்தப் பொடி கருங்கல்லையே தின்னும். குழவியில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டால் ஜென்மத்துக்கும் போகாது.

பழனிசாமி மாமா (8:09)
சரி சரி.

நவீன் (காலை 10:40)
அக்கா எனக்கும் சொல்லுங்கள், செம்புக் கம்பி சுற்றி டாலர் செய்யலாம் என்று இருக்கிறேன். பொடி ஒரே ரகம்தானா?

நந்தினி (11:25)
இல்லை. தாத்தா வீட்டு மொசைக் தரை ஞாபகம் இருக்கிறதா? அதைத் தேய்த்தவர்கள் ஒரே கல்லில் முடிக்கவில்லை, நம்பர் மாற்றி மாற்றித் தேய்த்தார்கள். அதே கணக்குதான். நம்பர் கூடக் கூடப் பொடி நைசாகும். முதலில் 80 நம்பர், அப்புறம் 220, அப்புறம் 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு. சீரியம் ஆக்சைடும் போடலாம், கண்ணாடி பாலிஷ் செய்பவர்கள் வைத்திருப்பார்கள். எனக்கு 80-ல் 12 நாள், மற்றதெல்லாம் ஏழேழு நாள், முடிவில் ஒரு நாள் வெறும் சோப்புத் தண்ணீர். அவசரப்பட்டு முதல் சுற்றைக் குறைத்தால் பள்ளம் பள்ளமாகவே நிற்கும், அடுத்த பொடிகளுக்கு அதைச் சரிசெய்யும் சக்தி கிடையாது. நான் முதல் தடவை ஐந்து நாளில் எடுத்துவிட்டேன், கடைசியில் பார்த்தால் அம்மைத் தழும்பு முகத்துக்கு எண்ணெய் தடவினது போல் இருந்தது.

இன்னொன்று, பொடி மாற்றும்போது டிரம், மூடி, கல் எல்லாவற்றையும் பல் துலக்கும் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். ரெண்டாவது தடவை மூடியின் மரையில் 80 நம்பர் பொடி துளி தங்கியிருந்திருக்கிறது. கடைசிச் சுற்று முடிந்து திறந்தால் எல்லாக் கல்லிலும் மெல்லிய கீறல். ஒரு மாத வேலை. உட்கார்ந்து அழுதேன் என்று சொன்னால் இந்தக் குழுவில் சிரிப்பீர்கள், ஆனாலும் அழுதேன்.

கார்த்தி (11:27)
வாஷ்பேசினையும் சொல்.

நந்தினி (11:30)
அந்தச் சேற்றை வாஷ்பேசினில் ஊற்றினேன். சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. பிளம்பர் பைப்பை அறுத்து எடுத்துக் காட்டி, என்ன அம்மா வீட்டுக்குள்ளேயே கல்குவாரியா என்று கேட்டார். இப்போதெல்லாம் வாளியில் படியவிட்டு, வண்டலை வெயிலில் காயவிடாமல் ஈரமாகவே கவரில் கட்டிக் குப்பையில் போடுகிறேன். காய்ந்த கல்தூள் மூச்சில் போகவே கூடாது நவீன், குவாரி ஆட்களுக்கு நுரையீரல் கெடுவது அதனால்தான். எதைத் தேய்த்தாலும் ஈரத்தில் தேய்.

நவீன் (11:34)
எந்தக் கல் எடுக்கட்டும்?

நந்தினி (11:41)
வெங்கச்சாங்கல் உத்தமம், குவார்ட்ஸ் என்பார்களே, அந்த வெள்ளைக்கல். கத்தி முனையால் கீறிப் பார், கோடு விழுந்தால் வேண்டாம். எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் சுண்ணாம்புக்கல், அதுவும் வேண்டாம். மெத்தென்ற கல்லையும் கெட்டிக் கல்லையும் சேர்த்துப் போட்டால் மெத்தென்றது கரைந்து காணாமல் போய்விடும். விரிசல் உள்ளதைத் தூக்கிப் போடு. ஒரு கைப்பிடி பொறுக்கினால் போதும், மூட்டை கட்டாதே, மணல் அள்ளுகிறாய் என்று ஊரே கூடிவிடும்.

பழனிசாமி மாமா (மதியம் 12:50)
(படம்) இதைப் பார். எங்கள் அப்பா காங்கேயத்துக் காட்டில் ஏர் ஓட்டும்போது கிடைத்தது. சந்திரகாந்தக் கல். மழை பெய்தால் வரப்போரம் கல் பொறுக்கப் போவார்களாம், வாங்குவதற்கு ஆள் வருவார்களாம். உன் டிரம்மில் போட்டுத் தருகிறாயா?

நந்தினி (1:15)
வேண்டாம் மாமா! அது அடுக்கு அடுக்காகப் பிளக்கும் ரகம், மற்ற கல் மோதினால் ரெண்டாகிவிடும். அதைக் கையில் பிடித்துச் சாணையில் தேய்ப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியபோது படிகம், பச்சைக்கல், சூதுபவளம் எல்லாம் மணியாகக் கிடைத்ததே, பாதி வேலையில் விட்ட மணிகூட இருந்ததாம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் மோட்டார் இல்லாமல், கரண்டு இல்லாமல். நான் ஒரு மூடியை ஒழுங்காகக் கழுவ முடியாமல் அழுகிறேன்.

சுமதி அத்தை (1:40)
கதையெல்லாம் சரி, என் குளம்? கடையில் பளபளப்புக் கல் விற்கிறார்களே, வாங்கிக்கொள்ளட்டுமா?

நந்தினி (1:48)
வாங்கலாம், ஆனால் சிலதில் மெழுகு பூசியிருக்கும், வெந்நீரில் கழுவிப் பாருங்கள், பளபளப்பு கழன்றுவிடும். அத்தை, உங்கள் உடைந்த கல்சட்டி எங்கே?

சுமதி அத்தை (1:50)
பரணில். என் மாமியார் சேலத்திலிருந்து வாங்கி வந்தது, அதை எப்படி எறிவேன்? ஏன் கேட்கிறாய்?

நந்தினி (2:05)
எறிய வேண்டாம். அது மாக்கல். ஆணியால் கீறினாலே கோடு விழும், அவ்வளவு மெத்தென்ற கல், மோட்டாரே வேண்டாம். ஹாக்ஸா பிளேடை நனைத்துச் சின்னத் துண்டாக அறுத்துக் கொடுங்கள், குழந்தைகளை ஒரு தாம்பாளத் தண்ணீரைச் சுற்றி உட்கார வைத்து உப்புத்தாளில் தேய்க்கச் சொல்லுங்கள். தண்ணீருக்குள்ளேயே தேய்க்க வேண்டும், காய்ந்து தூள் பறக்கக் கூடாது. முனை போனதும் 220, 400, 1000 நம்பர் வாட்டர் பேப்பர், பொறுமை இருந்தால் 2000. காயவைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் வையுங்கள், புதுக் கல்சட்டியைப் பழக்குவோமே, அதே மாதிரி கறுத்து மின்னும். ஒரு சாயங்காலத்தில் ஆளுக்கு நாலைந்து கல் ஆகும். கொலுத் துணியில் வைக்கும் முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், கறை படும்.

என் டிரம்மில் இப்போது கடைசிச் சுற்றில் ஒரு கிலோவுக்குள் இருக்கிறது, புதன்கிழமை எடுப்பேன். அதையும் கொண்டுவருகிறேன், வெள்ளைக்கல் நடுவே கறுப்பு நன்றாகத்தான் இருக்கும்.

ராணி பெரியம்மா (2:11)
சுமதி, உன் மாமியார் குழம்பு வைத்த சட்டி கொலுவில் குளமாகிறது. இருந்திருந்தால் திட்டியிருப்பாள், அப்புறம் நாலு பேரிடம் பெருமையும் அடித்திருப்பாள்.

சுமதி அத்தை (ஞாயிறு, மாலை 5:20)
(படம்) பாருங்கள், 23 கல். பாப்பா செய்தது மட்டும் உருண்டை இல்லை, கொழுக்கட்டை. அதுதான் முன்னால் வைக்கப் போகிறேன். விரலெல்லாம் ஊறி வெளுத்துவிட்டது, ஆனால் ஒருத்தர்கூட போன் கேட்கவில்லை.

நந்தினி (5:26)
அய்யோ அந்தக் கொழுக்கட்டை எனக்கு வேண்டும் அத்தை.

பழனிசாமி மாமா (5:41)
நந்தினி, ஒரு சந்தேகம். கல் அப்படியே இருக்கிறது, ஆனால் கிரைண்டரில் மட்டும் கோடு விழுந்திருக்கிறது. அது எதனால்?

கார்த்தி (5:41)
மாமா...

சுமதி அத்தை (5:42)
எந்தக் கிரைண்டர்? மாடியில் இருப்பதா, சமையல்கட்டில் இருப்பதா?

பழனிசாமி மாமா (5:43)
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுமதி அத்தை (5:43)
நான் படித்துவிட்டேன். கீழே வாருங்கள்.