சிங்கப்பூரில் பதிவு செய்த வீட்டுக்குள் விடவில்லை, பணமும் வரவில்லை. என்ன வழி?

திருமங்கலத்தான்:
நாங்கள் நாலு பேர், கல்லூரிக் கூட்டாளிகள். மதுரையிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறதே என்று போன மாதம் சிங்கப்பூர் போனோம். ஹோட்டல் வாடகையைப் பார்த்து மலைத்துப்போய், ஒரு செயலியில் காண்டோ (காவலோடு கூடிய தனியார் அடுக்குமாடி) வீடு ஒன்றை மூன்று இரவுக்குப் பிடித்தேன். 31,400 ரூபாய், என் கிரெடிட் கார்டில்.

இறங்கியதும் வீட்டுக்காரரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "கேட்டில் விசாரித்தால், நண்பரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்." அப்போதே உறுத்தியது. கையில் நாலு பெரிய பெட்டி, அதில் ஒன்றின் மேல் கயிறு போட்டுக் கட்டிய முறுக்கு டின். காவலாளி நம்மூர்த் தமிழ் பேசுகிறவர், வயதானவர். டின்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எத்தனை நாளைக்குத் தம்பி?" என்றார். கூட வந்தவன் வாய் தவறி "மூணு நாள்ணே" என்றான். அவ்வளவுதான். "உள்ளே விட்டா என் வேலை போயிரும்" என்று சொல்லி வாசல் பெஞ்சைக் காட்டினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரர் போனை எடுக்கவே இல்லை. இரண்டரை மணி நேரம் அந்த பெஞ்சில்தான். அன்றைக்கு எடுத்திருந்த கார்டன்ஸ் பை தி பே தோட்டத்து டிக்கெட்டும் வீண். கடைசியில் லிட்டில் இந்தியாவில் அடுக்குக் கட்டில் அறை ஒன்றில் படுத்தோம், அதற்குத் தனிச் செலவு.

ஊருக்கு வந்து செயலியில் கேட்டால், "விருந்தினர் வரவே இல்லை" என்று வீட்டுக்காரர் பதிந்திருக்கிறாராம். வங்கியோ, "ஓடிபி நீங்கள்தானே போட்டீர்கள்?" என்கிறது. பணம் போனதுதானா?

மேலூர் மச்சான்:
ஒன்பது வருஷம் அங்கே வேலை பார்த்தவன் சொல்கிறேன். தப்பு காவலாளி மேல் இல்லை. சிங்கப்பூரில் தனியார் வீட்டை யாருக்கு விட்டாலும் குறைந்தது மூன்று மாதம் விட வேண்டும், அரசு அடுக்குமாடி என்றால் ஆறு மாதம். மூன்று இரவுக்கு விடுவதே சட்டப்படி குற்றம். அதனால்தான் "நண்பர் என்று சொல்லுங்கள்" என்று பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்த வாட்ஸ்அப்பை அழித்துவிடாதீர்கள், உங்கள் கையில் இருக்கிற பெரிய சாட்சியே அதுதான்.

ஒரு கேள்வி. சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் பதிகிற வருகை அட்டைக்கும் காசு கட்டினீர்களா?

திருமங்கலத்தான்:
ஆமாம், ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம். ஏன்?

மேலூர் மச்சான்:
அது இலவசம். குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில், போய்ச் சேருகிற நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நாமே பதியலாம். நீங்கள் இடைத்தரகர் தளத்தில் மாட்டியிருக்கிறீர்கள். சரி விடுங்கள், அது போனது போனதுதான்.

தெப்பக்குளம் தெற்கு:
இதுக்குத்தான் பெரியவங்க சத்திரம் பார்த்துத் தங்கச் சொன்னாங்க. கொஞ்சம் காசு கூடப் போனாலும் ஹோட்டலே போட்டிருக்கலாம்ல?

கவுண்டர் நம்பர் 4:
வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வேண்டாம் அண்ணே. நான் வங்கியில் கார்டு பிரிவில் இருக்கிறேன். வாடிக்கையாளர்கள் செய்கிற முதல் தப்பு, "நான் செய்யாத பரிவர்த்தனை" என்று எழுதிக் கொடுப்பது. அப்படி எழுதினால் ஓடிபியைக் காட்டி அன்றைக்கே மூடிவிடுவார்கள். நீங்கள் "பணம் கட்டினேன், சேவை கிடைக்கவில்லை" என்ற வகையில் தகராறு பதியுங்கள். இரண்டுக்கும் படிவத்தில் தனித்தனிக் கட்டம் இருக்கும்.

முன்பதிவு ரசீது, அந்த வாட்ஸ்அப், வீட்டுக்காரருக்குப் போட்ட அழைப்புகளின் பட்டியல், பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை இல்லாவிட்டால் விமான போர்டிங் பாஸ், அன்றிரவு தங்கிய அறையின் பில் எல்லாவற்றையும் சேருங்கள். வாசலில் போட்டோ எடுத்தீர்களா? நேரமும் இடமும் பதிந்த ஒரு போட்டோ போதும், "வரவே இல்லை" என்ற பேச்சு அடிபட்டுப் போகும். தகராறு பதியக் கெடு உண்டு, அதனால் இந்த வாரமே செய்யுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.

வக்கீல் குமாஸ்தா:
வங்கியில் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மதுரையே போதும், சிங்கப்பூர் போக வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு வருஷம். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போடுங்கள். புகார் எண் வந்ததும் சில நிறுவனங்கள் தானாக இறங்கி வரும்.

திருமங்கலத்தான்:
பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிற செல்ஃபி ஒன்று இருக்கிறது, பின்னால் கட்டடத்தின் பெயர்ப் பலகை பளிச்சென்று தெரிகிறது! கிண்டலுக்கு எடுத்தது. இன்றைக்கே பதிகிறேன்.

திருமங்கலத்தான் (மூன்று வாரம் கழித்து):
கேட்டவர்களுக்காக. 1915-இல் புகார் பதிந்த ஆறாம் நாள் செயலியிலிருந்து மெயில் வந்தது. செல்ஃபியையும் வாட்ஸ்அப்பையும் பார்த்துவிட்டு வீட்டு வாடகை முழுவதையும் கார்டுக்குத் திருப்பிவிட்டார்கள். சேவைக் கட்டணம் 3,900-ஐ மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அதற்காக வங்கித் தகராறு இன்னும் ஓடுகிறது. தோட்டத்து டிக்கெட்டுக்கு ஒன்றும் தேறவில்லை. ஆனால் அங்கே மரம் மாதிரி நிற்கிற உயரமான கோபுரங்களில் ராத்திரி 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கிற விளக்குக் காட்சிக்கு டிக்கெட்டே வேண்டாம். இரண்டாவது காட்சிக்குப் போய்த் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தோம். மிச்ச முறுக்கு அங்கேதான் தீர்ந்தது.