என்.ஐ.டபிள்யூ: அப்பா பிறந்த ஊர் கணக்கில் வருமா?

பனிமூட்டம்:
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவன். மழைநீர் இறங்க இறங்க மலைச்சரிவு எந்தக் கட்டத்தில் நழுவும் என்பதில் பிஎச்.டி. இப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலையில் போஸ்ட்டாக், ஹெச்1பி வேலை விசா. லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல், பதில் தாமதமானால் மன்னிக்கவும்.

கிரீன் கார்டுக்கான ஐ-140 மனுவை, வேலை கொடுப்பவர் இல்லாமலே தேசிய நலனைக் காட்டிக் கேட்கும் என்.ஐ.டபிள்யூ வழியில் நானே போடலாம் என்றிருக்கிறேன். ஏழு பேப்பர், மேற்கோள்கள் இன்னும் நூறைத் தொடவில்லை. விண்ணப்பக் கடிதத்தை 2009 நவம்பர் மழையிலிருந்து தொடங்கியிருக்கிறேன். அன்று ராத்திரி எங்கள் லைனுக்குப் பின்னால் இருந்த சரிவு அப்படியே இறங்கிவிட்டது. காலையில் பார்த்தால் தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல் முப்பது அடி கீழே நிற்கின்றன. இந்தத் துறைக்கு நான் வந்ததே அதனால்தான். இப்படித் தொடங்குவது சரியா?

இன்னொன்று. அப்பா பிறந்தது நுவரெலியா. சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1974ல் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர், அப்போது வயது பன்னிரண்டு. தாத்தா பெயரில் அப்போது கொடுத்த குடும்ப அட்டை இன்னும் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கிறது. அதைக் காட்டி, கிரீன் கார்டுக்கு இந்திய வரிசையை விட்டு இலங்கையில் பிறந்தவர்களின் வரிசையில் போகலாம் என்கிறான் லேப் நண்பன். முடியுமா?

மலையேறி:
தாராளமாகப் போடுங்க. மச்சானுக்குத் தெரிந்த ஒருத்தர் அப்படித்தான் வாங்கினார்.

பழையகோப்பு:
மலையேறி, தம்பியைக் குழியில் தள்ளாதீர்கள். வரிசை பார்ப்பது விண்ணப்பிப்பவர் பிறந்த நாட்டை வைத்துத்தான், குடியுரிமையை வைத்துக்கூட இல்லை. அப்பா அம்மா பிறந்த நாட்டைக் காட்ட ஒரு விலக்கு உண்டு. ஆனால் நீங்கள் பிறந்தபோது அவர்கள் இருவருமே இந்தியாவில் பிறக்காதவர்களாகவும் இங்கே குடியிராதவர்களாகவும் இருந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் கோத்தகிரியிலேயே குடித்தனம். பிஸ்கட் டின்னை மூடிவிடலாம்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். என்.ஐ.டபிள்யூவுக்கு 2016ல் வந்த தனசார் தீர்ப்புதான் இன்றைக்கும் அளவுகோல். அந்த மனுதாரரும் நம்மைப் போல ஆராய்ச்சியாளர்தான், துறை மட்டும் விண்வெளிப் பொறியியல். நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் இருக்கிறதா, அதைச் செய்ய நீங்கள் ஏற்ற ஆளா, வேலைவாய்ப்பும், அந்த வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்ற லேபர் சர்டிபிகேஷனும் கேட்காமல் விடுவது அமெரிக்காவுக்கு லாபமா என்று மூன்று பார்ப்பார்கள். தேசம் என்றால் அவர்கள் தேசம். தேயிலைச் செடி இறங்கிய கதையைப் படித்து எனக்கே தொண்டை அடைத்தது, ஆனால் அதிகாரிக்கு அது இந்தியாவின் பிரச்சினை. 2014 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தில் ஓசோ சரிவு 43 பேரைக் கொன்றது. அங்கே தொடங்குங்கள். கோத்தகிரி இரண்டாம் பக்கத்தில் நாலு வரி வரட்டும்.

இன்னொரு இடத்தில் நான் அடிபட்டேன். எனக்கு வந்த ஆர்.எஃப்.இ.யில், அதாவது கூடுதல் ஆதாரம் கேட்டு வரும் கடிதத்தில், முதல் குறையே, நான் வைத்த நான்கு சிபாரிசுக் கடிதங்களும் கைடு, கைடின் நண்பர், பழைய லேப் சீனியர் என ஒரே வட்டம் என்பதுதான். உங்களை நேரில் பார்க்காத, ஆனால் உங்கள் பேப்பரை எடுத்துத் தன் வேலையில் பயன்படுத்திய ஒருவர், எதை எப்படிப் பயன்படுத்தினார் என்று எழுதினால் அந்த நான்கையும் தூக்கிப் போடலாம். மேற்கோள் எண்ணிக்கையை நினைத்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பனிமூட்டம்:
நன்றி அண்ணா. அப்பாவுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். இந்திய வரிசை பத்து வருடத்துக்கு மேல் என்கிறார்களே, இப்போதே போட்டு என்ன பயன்?

பழையகோப்பு:
ஐ-140 ஒப்புதலானால், வரிசையில் போட்ட தேதி உங்களுடையது. பின்னால் இதற்கு மேல் பிரிவான இ.பி.1க்கு மாறினாலும் அந்தத் தேதி கூடவே வரும். அந்த ஒப்புதல் கையில் இருந்தால், ஹெச்1பியின் ஆறு வருட வரம்பு முடிந்த பிறகும் அதை மூன்று மூன்று வருடமாக நீட்டலாம். அப்புறம், கல்யாணம் ஆகிவிட்டதா? மனைவி இலங்கையில் பிறந்தவர் என்றால் அவர் வரிசையில் நீங்களும் போகலாம். அதற்காக யாரையாவது கட்டிக்கொண்டு வந்து நிற்காதீர்கள், அது மோசடி.

பனிமூட்டம்:
இலங்கையில் ஹட்டனில் அத்தை மகள் ஒருத்தி இருந்தாள். தை மாதம்தான் கல்யாணம் முடிந்தது. மொய் எழுதியதே நான்தான்.